விசிறி வச்ச விமானம்

பெல்ட்ட அப்படி இல்ல அண்ணாச்சி. அந்தத் தகட்டை இதுக்குள்ள விடுங்க. டக்குனு கேட்டுச்சுல்லா? அவ்வளவுதான். இனி பிளேன் தலைகீழா போனாலும் நீங்க சீட்டுலதான் இருப்பீங்க. சும்மா சொன்னேன், சும்மா சொன்னேன். தலைகீழால்லாம் போகாது. மொத தடவையா? நெனச்சேன். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்குடுத்தீங்க பாத்தீங்களா, ரொம்ப சந்தோசம். எனக்கு இன்னைக்கு ஜன்னல் வேணும். ஏன்னு பெறவு சொல்லுதேன்.

வெளிய சுத்துது பாருங்க, அதுதான் விசிறி. இந்த மாதிரி பிளேனுக்கு நான் வச்ச பேரு விசிறி வண்டி. படிக்கும்போது வச்சது. ஆமா, நானும் பைலட்டுதான். லைசென்சு பையில இருக்கு, காட்டணுமா? வேண்டாமா, சரி. எந்தக் கம்பெனில ஓட்டுதேன்னு கேக்கீங்க. அதைத்தான் அண்ணாச்சி சொல்ல வாரேன்.

இருங்க, ஸ்பீக்கர்ல பேசுதான், கேளுங்க. "வணக்கம். நான் உங்கள் துணை விமானி கிளாட்வின். தூத்துக்குடியில காத்து கொஞ்சம் பலமா இருக்கு, ஆடி மாசம்லா. இறங்கும்போது லேசா ஆட்டும். யாரும் பயப்படாதீங்க." கேட்டீங்களா? தமிழ்ல பேசுதான். ஒருத்தரும் அவனைத் தமிழ்ல பேசச் சொல்லல. முன்னால அந்த அம்மா எப்படிச் சிரிக்காவ பாருங்க. நீங்களும் சிரிக்கீங்க. எல்லாருக்கும் அவனைப் பிடிச்சிரும் அண்ணாச்சி, அதுதான் அவன்கிட்ட உள்ள பெரிய கோளாறு.

அவன் என் சேக்காளி. ஒண்ணாங் கிளாசுலருந்து ஒரே பெஞ்சு. என் பேரு லிங்கராஜ், அவன் லிங்குன்னு கூப்பிடுவான். மொதல்ல பைலட் ஆகணும்னு சொன்னது யாருன்னு நெனைக்கீங்க? நான். ஒம்பதாங் கிளாசுல சொன்னேன். அவன் அதுவரைக்கும் அவங்கப்பா மாதிரி ஹார்பர்ல கிரேன் ஓட்டப் போறேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். நான் சொன்ன மறுநாள், "லே லிங்கு, நானும் வாரேன்ல" அப்படின்னான். அவ்வளவுதான். என் ஆசையில பாதியை அன்னைக்கே வாங்கிட்டான்.

கையை விடுங்க அண்ணாச்சி, வலிக்குது. ஏறும்போது இப்படித்தான் இரையும். காது அடைச்சா எச்சியை முழுங்குங்க. ஆங். பாத்தீங்களா, ஏறிட்டோம். நல்லாத்தான் ஏத்துனான். இல்ல, கேப்டன் ஏத்தியிருப்பாரு. ரெண்டு பேர்ல யாருன்னு வெளிய தெரியாது.

எங்க விட்டேன்? படிப்பு. மகாராஷ்டிரால ஒரு பொட்டக் காட்டுக்குள்ள பள்ளிக்கூடம். சின்னப் பிளேன், ரெண்டு பேரு உக்காரலாம். காலைல கொஞ்ச பேரு ஓட்டணும், மத்தியானம் கொஞ்ச பேரு ஓட்டணும். அதுக்கு ஸ்லாட்டுன்னு பேரு. காலைல காத்தே இருக்காது, குளத்துத் தண்ணி மாதிரி அசையாம கெடக்கும். மத்தியானம் வெயில் ஏற ஏற தரையில இருந்து சூடு தூக்கிப் போடும், பக்கத்துல இருந்து காத்து வேற தள்ளும். பிளேன் ஒரு பக்கம் போகும், ஓடுபாதை ஒரு பக்கம் கெடக்கும். மத்தியான ஸ்லாட்டுன்னா எல்லாரும் ஓடி ஒளிவான்.

எனக்கு மொத மாசம் மத்தியான ஸ்லாட்டுதான் விழுந்துச்சு. ஒரு நாள் இறக்கும்போது மூணு தடவை குதிச்சுட்டேன். குதிச்சுட்டேன்னா பிளேன் குதிச்சுது. இறங்கி ஓரமா போயி வாந்தி எடுத்தேன். வாத்தியாரு எல்லாருக்கும் முன்னால, "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை" அப்படின்னு கேட்டுட்டாரு. அது போகட்டும். அன்னைக்குச் சாயங்காலம் கிளாட்வின் வந்தான். "லே, எனக்குக் காலைல எந்திரிக்கவே முடியல. என் ஸ்லாட்டை நீ எடுத்துக்க, உன் ஸ்லாட்டை நான் எடுத்துக்கிடுதேன். உதவியா செய்யி" அப்படின்னான். நானும் பாவம்னு ஒத்துக்கிட்டேன். நான் செஞ்ச உதவி அண்ணாச்சி அது.

ஆனா கேளுங்க. காலைல எந்திரிக்க முடியாதுன்னு சொன்னவன் தினமும் விடியக்காலம் கையில டீயோட ஓடுபாதை ஓரத்துல நிக்கான்! தினமும். நான் ஏறுத வரைக்கும் நிப்பான், இறங்குத வரைக்கும் நிப்பான். "இன்னைக்கு அருமையா எறக்கினல" அப்படிம்பான். என்னத்துக்கு? வேவு பாக்க. நான் எப்படிப் பண்ணுதேன்னு பாத்துட்டு மத்தியானம் அவன் பண்ணுவான். ஏன் அப்படிப் பாக்கீங்க? வேற என்னத்துக்கு ஒருத்தன் அந்தக் குளிருல வந்து நிப்பான்?

அவனுக்கு என்ன ஆச்சுன்னா, ரெண்டு வருசம் அந்தக் காத்துல ஓட்டி ஓட்டி, எந்தக் காத்துன்னாலும் எறக்குவான். எனக்கு என்ன ஆச்சு? குளத்துத் தண்ணிதான் தெரியும். யாரு யாருக்கு உதவி செஞ்சா, நீங்களே சொல்லுங்க.

சரி, படிப்பு முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் ரெண்டு கம்பெனில இருந்து கூப்பிட்டான். ரெண்டுமே சின்ன ஊருக்குப் பிளேன் விடுத கம்பெனிதான். ஒண்ணு இந்த விசிறிக் கம்பெனி. இன்னொண்ணு புதுசு, குட்டி ஜெட்டு விடப்போறோம்னு சொன்னான். பேரு வேண்டாம், கேசு போட்டாலும் போடுவான். அவன் ஆபீசு இருந்துச்சே அண்ணாச்சி, தரையில மொகம் தெரியும். பைலட்டு உடுப்புக்கு அளவெடுக்கவே தனியா ஒரு ஆள் வந்தான். விசிறிக் கம்பெனியில போனா பிளாஸ்டிக் சேரு, ஒரு கெட்டில்ல டீ.

பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு டீக்கடை. அங்கன வச்சு கிளாட்வின் சொல்லுதான், "லே, விசிறிக்கே போவோம். ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி எறங்கலாம், கை பழகும். நம்ம ஊருக்கே விடுதான், ராத்திரி வீட்டுல போயி தூங்கலாம். ஜெட்டுக்காரன்கிட்ட இன்னும் பிளேனே வரலல. ரெண்டு பேரும் ஒண்ணா சேந்தா ஒரே பேட்ச்சு. ஒண்ணாவே மேல போயிரலாம்."

நீங்க என் எடத்துல இருந்தா என்ன நெனைப்பீங்க? இவன் ஏன் என்னை விசிறிக்கு இழுக்கான்? எனக்குப் பொறி தட்டிருச்சு. என்னை விசிறியில தள்ளிட்டு இவன் ஜெட்டுக்குப் போகப் போறான்! மறுநாள் காலைல, முன்னெல்லாம் அவன் டீயோட நிப்பான்லா, அந்த நேரத்துல நான் பஸ்சு ஏறி மும்பை போயி ஜெட்டுல கையெழுத்துப் போட்டுட்டேன். போட்டுட்டுத்தான் அவனுக்குப் போன் பண்ணுனேன். எப்ப சேரணும்னு கேட்டான். பெறவு, "நல்லதுல. நல்லா இரு" அப்படின்னான். மறு வாரம் விசிறியில சேந்துட்டான்.

நெசமாவே விசிறியில சேந்துட்டான் அண்ணாச்சி. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

தண்ணி குடிக்கீங்களா? குடிங்க. இந்தக் குலுக்கல்லாம் ஒண்ணுமில்ல, மேகம்.

நான் ஜெட்டுல சேந்ததும் எங்கப்பா என்ன பண்ணுனாவ தெரியுமா? எட்டயபுரம் ரோட்டுல எங்களுக்கு ஹார்டுவேர் கடை. பெயிண்டு, ஆணி, பைப்பு. கடை வாசல்ல ஒரு பிளெக்சு வச்சாவ. நான் தொப்பியோட நிக்கேன், பின்னால ஒரு ஜெட்டு. இன்டர்நெட்டுல எடுத்த படம். "எங்கள் குலவிளக்கு, ஜெட் விமானி" அப்படின்னு எழுதி, கீழ எங்க சாதிசனம் பூராவும் போட்டோ. பொறந்த கொழந்த வரைக்கும் போட்டோ. படத்துல இருந்த ஜெட்டு எங்க கம்பெனிக்கு வந்துச்சா? வரல. அடுத்த மாசம் வரும், அடுத்த மாசம் வரும்னான். எங்களை ஆபீசுல உக்கார வச்சு டிக்கெட் விசாரிச்சு வார போனை எடுக்கச் சொன்னான். இல்லாத பிளேனுக்கு டிக்கெட்டு! தொப்பிய மேசை மேல வச்சுக்கிட்டு போன் எடுத்தேன். வருசம் ஒண்ணு போச்சு. ஒரு நாள் ஆபீசுக்குப் போனா பூட்டு. ஊருக்கு வந்து அப்பா கடையில நிக்க ஆரம்பிச்சேன்.

அந்த நேரம் பூராவும் இவன் என்ன பண்ணுதான்? எங்க ஊரு மேல பறக்கான். தினமும். எங்க கடைக்கு நேர் மேல.

இதைக் கேளுங்க, இதைத்தான் உங்ககிட்ட சொல்லணும். எங்கப்பா சாதாரணமா கல்லாவை விட்டு எந்திரிக்க மாட்டாவ. கவர்னரே வந்தாலும் உக்காந்துக்கிட்டேதான் பில்லு போடுவாவ. இந்த விசிறிச் சத்தம் கேட்டா போதும், ஆணி நிறுத்துக்கிட்டு இருப்பாவ, தராசை அப்படியே விட்டுட்டு ரோட்டுக்கு வந்து, மேல பாத்து கையாட்டுதாவ. "கிளாட்வின் போறான்" அப்படிங்காவ. பக்கத்துக் கடைக்காரன்ட்ட வேற சொல்லுதாவ, "நம்ம கிளாட்வின்." நம்ம! நான் பிளெக்சுக்கு அடியில நின்னு பாக்கேன் அண்ணாச்சி. தொப்பி போட்ட நான் மேல இருக்கேன், தொப்பி இல்லாத நான் கீழ இருக்கேன், எங்கப்பா ரெண்டு பேரையும் விட்டுட்டு ஆகாயத்தைப் பாத்துக் கையாட்டுதாவ.

எனக்கு எரிஞ்சுது. பொய் சொல்லல. அவனுக்கு அப்பா இல்லையா? ஹார்பர்ல இருக்காருல்லா, அவரு கையாட்டட்டும். எங்கப்பா கை எங்களுக்கு.

டிக்கெட்டா? இது... இது அவன் போட்டுக் குடுத்தது. கம்பெனில சேக்காளிமாருக்குன்னு வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு குடுப்பானாம். மெட்ராசுல ஒரு வேலையா இருந்தேன், "பஸ்சுல எதுக்குல கெடந்து சாகுத" அப்படின்னு அனுப்பிட்டான். வேண்டாம்னு சொன்னா பொறாமைன்னு நெனைப்பான்லா? அதுக்காகத்தான் வாங்கிக்கிட்டேன்.

என்ன வேலைன்னு கேக்கலியே நீங்க. கேக்காட்டியும் சொல்லுதேன். போன மாசம் இந்த விசிறிக் கம்பெனில பரீட்சைக்குப் போனேன். அவனுக்குச் சொல்லாமத்தான் போனேன். பிளேன் மாதிரியே ஒரு பெட்டி இருக்கும், தரையில இருந்துக்கிட்டே ஓட்டணும். காத்து, மழை எல்லாம் உள்ளயே வரவழைப்பான். எனக்கு என்ன குடுத்தான்? பக்கத்துக் காத்து! மொத தடவை எறக்கும்போது ஓடுபாதையை விட்டே போயிட்டேன். ரெண்டாவது தடவை ஒரு மாதிரி எறக்கிட்டேன். தலைமை பைலட்டு ஒரு மலையாளத்துக்காரரு, கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேக்காரு, "நீ கிளாட்வினோட ஃபிரண்டுதானே? உன்னைப் பத்தி அவன் வருசம் பூராவும் சொல்லிக்கிட்டு இருக்கான். கூப்பிடுங்க, கூப்பிடுங்கன்னு என் உசிரை எடுக்கான்" அப்படின்னாரு. என்ன சொன்னான்னு கேட்டேன். "காலை நேரத்துல லிங்கு மாதிரி எறக்க ஆளே கெடையாது"ன்னு சொன்னானாம்.

காலை நேரத்துல! கவனிச்சீங்களா? சும்மா "நல்லா எறக்குவான்"னு சொல்ல வாய் வரல. காலை நேரத்துலன்னு ஒரு ஊசி. எப்படிக் குத்துதான் பாருங்க. சிரிக்காதீங்க அண்ணாச்சி.

பாஸ் பண்ணிட்டேன். மெட்ராசுல போயி ஆளைக் காட்டிட்டு வாரேன். திங்கக்கிழமை வகுப்பு. சேருதேனா இல்லையான்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும். இன்னும் போடல. ஏன்னா இந்த வேலையில வயசு, படிப்பு, எதுவும் கணக்கு கெடையாது. யாரு முன்னால சேந்தானோ அவன் முன்னால. சாவுத வரைக்கும் அப்படித்தான். பொங்கல் லீவு, தீபாவளி லீவு, எந்த ஊருக்குப் போகணும், எல்லாம் அவன் எடுத்த மிச்சம்தான் எனக்கு. நாளைக்கு அவன் கேப்டனாயி இடது சீட்டுல உக்காருவான். நான் வலது சீட்டுல உக்காந்து அவன் கேக்கதுக்கெல்லாம் பதில் சொல்லணும். ஒரே பெஞ்சுல உக்காந்தவன்கிட்ட! அன்னைக்கே ஒண்ணா சேந்திருந்தா ஒரே பேட்ச்சு. அவன்தான் அழுத்திச் சொல்லியிருக்கணும். ரெண்டு தடவை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்லா?

அதனால முடியாதுன்னு எழுதிரலாம்னு இருக்கேன். மானம்னு ஒண்ணு இருக்குல்லா. பெயிண்டு விக்கலாம். பெயிண்டுல என்ன கேவலம்?

இறங்க ஆரம்பிச்சுட்டான். சத்தம் மாறுது பாருங்க. இதோ ஊரு வந்துட்டு. அதோ ஹார்பர், அந்தக் கிரேன் தெரியுதுல்லா. இதுக்குத்தான் ஜன்னல் கேட்டேன். இங்கன எங்கயோதான் எங்க கடை. இருங்க. இருங்க. அந்த நீலத் தகரம்... ஆமா. ரோட்டுல ஒரு புள்ளி தெரியுது, எங்கப்பாவா வேற ஆளான்னு தெரியல. அப்பாவாத்தான் இருக்கும். சத்தம் கேட்டிருக்கும். இப்ப கையாட்டிக்கிட்டு இருப்பாவ. நான் உள்ள இருக்கேன்னு தெரியாது. மெட்ராசுக்குப் போனதையே வீட்டுல சொல்லல.

என் கையா? தூக்கினேனா? கண்ணாடி அழுக்கா இருந்துச்சு, துடைச்சேன்.

இப்ப உப்பளத்து மேல திரும்புதான். வெள்ளையா தெரியுது பாருங்க, அதெல்லாம் உப்பு. இனி நேரா போயி இறங்கணும். ஆடுதுல்லா? காத்து இடது பக்கத்துல இருந்து அடிக்குது. பயப்படாதீங்க, என் கையைப் பிடிச்சுக்கிடுங்க. இந்தக் காத்துல சின்னப் பயலைத் தொட விடமாட்டாங்க, கேப்டன்தான் எறக்குவாரு. மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்காரு, அதான் நாம கோணலா போற மாதிரி இருக்கு. நண்டு மாதிரி. சரிதான். கீழ வந்ததும் நேராக்கணும். இப்ப இல்ல. இப்ப இல்ல. இன்னும் கொஞ்சம் பொறு. பொறுல. இடது ரெக்கையைத் தாழ்த்து... காலை மிதி...

இடது சக்கரம். வலது சக்கரம்.

உக்காந்துட்டான்.

முடிஞ்சுது அண்ணாச்சி. கண்ணைத் தொறங்க. பஞ்சு மாதிரி வச்சான். தொடுததுக்கு முன்னால ஒரு மூச்சு விடுத நேரம் அப்படியே பிடிச்சு நின்னான் பாத்தீங்களா? அது அவனுக்கு மட்டும்தான் வரும். ரெண்டு வருசம் பாத்திருக்கேன். நானா? நான் எங்க பாத்தேன்... மத்தியானம் எனக்கு வகுப்பு இருக்காதுல்லா, சும்மா போயி நிப்பேன். ஓரமா.

கேப்டன்தான் எறக்கியிருப்பாரு. அப்படித்தான் இருக்கணும்.

வாங்க, பின் கதவு வழியா இறங்கணும். தலை, தலை. நீங்க நடங்க, அவன் வாரான். ரெண்டு வார்த்தை பேசிட்டு வாரேன்.

அண்ணாச்சி! இங்கதான் நிக்கீங்களா? பெட்டி இன்னும் வரலியா? வரும், இங்க ஒரே ஒரு பெல்ட்டுதான்.

பேசிட்டேன். என்ன சொன்னான் கேளுங்க. "கேப்டன் நல்லா எறக்கினாருல"ன்னு நான் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன். அவன் என்ன சொல்லணும்? "நான்தான்ல எறக்கினேன்"னு சொல்லணும். சொன்னா நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவன், "ஆமால, கேப்டன் கெட்டிக்காரரு" அப்படிங்கான்! பின்னால அந்தக் கேப்டனே வாராரு, அவன் தோளைத் தட்டி, "குட் லேண்டிங்"னு சொல்லிட்டுப் போறாரு. இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஷூவைப் பாக்கான். பொய் சொல்லி மாட்டிக்கிட்ட மூஞ்சியைப் பாக்கணுமே. எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி பொய் சொல்லணும்? எனக்கு அவன் கை தெரியாதா?

அப்ப என் போன் அடிக்குது. அப்பா. "எங்கல இருக்க? இப்பதான் கிளாட்வின் போனான், கையாட்டினேன்" அப்படிங்காவ. நான், "அப்பா, நானும் அந்தப் பிளேனுக்குள்ளதான் இருந்தேன்" அப்படின்னேன். அதுக்குச் சொல்லுதாவ, "மொதல்லயே சொல்லக் கூடாதால? ரெண்டு கையையும் ஆட்டியிருப்பேனே."

ஒண்ணுமில்ல. தூசி. இந்த ஊருல ஆடி மாசம் ஒரே தூசி.

போட்டுட்டேன் அண்ணாச்சி. அங்கன நின்னே பதில் போட்டுட்டேன், சேருதேன்னு. கிளாட்வின் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். தொப்பி கீழ விழுந்து காத்துல உருண்டு போகுது, அதைக்கூட எடுக்கல. பெறவு காதுல சொல்லுதான், "லே, ட்ரெயினிங்குல உனக்குக் காலை ஸ்லாட்டு போடச் சொல்லியிருக்கேன்."

பாத்தீங்களா? பாத்தீங்களா அண்ணாச்சி? இதைத்தான் அப்ப இருந்து சொல்லிக்கிட்டு வாரேன்! நான் சொல்லிட்டேன், "ஒரு மண்ணும் வேண்டாம், எனக்கு மத்தியானம் போடச் சொல்லு"ன்னு. "காத்து அடிக்கும்ல லிங்கு" அப்படின்னான். "அடிக்கட்டும், நீ ஒண்ணும் டீயோட வந்து நிக்க வேண்டாம்"னேன். சிரிக்கான். நிக்கத்தான் போறான், எனக்குத் தெரியும்.

உங்க பெட்டி வந்துட்டு, அந்தச் சேப்புப் பெட்டிதான? நான் எடுத்துத் தாரேன். நீங்க ஏன் சேந்தன்னு கேக்கலாம். அவன் சொன்னான்னு சேரல. வேற கம்பெனிக்குப் போனா அவன் என்ன பண்ணுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அது ஒண்ணு. இன்னொண்ணு எங்கப்பா. நாளைப் பின்ன சத்தம் கேட்டு ரோட்டுக்கு வருவாவல்லா, வந்து மேல பாக்கட்டும். உள்ள இருக்கது அவனா நானான்னு தெரியாம அந்த மனுசன் தவிக்கணும். தவிச்சுக்கிட்டே கையாட்டட்டும்.